இந்தப் பக்கம் காத்து நல்லாருக்கு

தூத்துக்குடியில் பெண்கள் நடக்கும் விதமே மாறிப்போயிருந்த காலம் அது. ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான். யாரும் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று போவதில்லை. துப்பட்டா கடற்காற்றில் பறக்க, தூரத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு, பாதி உறக்கத்தில் இருப்பவர்களைப்போல நடந்தார்கள். ஒரு முக்கில் காரணமே இல்லாமல் இடப்பக்கம் திரும்புவார்கள். இன்னோர் இடத்தில் நின்று மக்ரூன் வாங்கித் தின்றுவிட்டு மறுபடி நடப்பார்கள். ஒவ்வொருத்தியின் காதுக்குப் பின்னாலும் எள்ளுப்போல ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். போனில் இருக்கும் 'கூடவே' என்ற செயலியின் காதும் வாயும் அந்தப் பொட்டுதான். அதற்குள்ளிருந்து பேசியது எஸ்கலினின் குரல்.

எஸ்கலின் உள்ளூர் வானொலியில் மீனவர்களுக்குக் கடல் நிலவரம் வாசிக்கிறவள். கொண்டல் காற்று எப்போது திரும்பும், எந்தப் பக்கம் அலை பெரிசாக இருக்கும் என்று அவள் சொல்லக் கேட்டுத்தான் வள்ளங்கள் புறப்படும். காயல்பட்டினத்திலிருந்து வந்து 'கூடவே'யை உருவாக்கிய நஸ்ரின் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அவளைத் தேடி வந்தாள். சுவரெல்லாம் மெத்தையைச் சாத்திவைத்த அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தாள்.

"ஆபத்துங்கிற வார்த்தையே வரக்கூடாதுக்கா. பயங்காட்டாம கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கணும்."

எஸ்கலினுக்குத் தெரிந்தது காற்றுதான். "இப்பிடி வா தாயி, இந்தப் பக்கம் காத்து நல்லாருக்கு" என்றாள். அப்புறம், "அந்தா பாரு, கடல் தெரியுது, அது வழியாப் போவோம்" என்றாள். நஸ்ரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கட்டைவிரலை உயர்த்தினாள். மற்ற சொற்களையெல்லாம் எந்திரமே அந்தக் குரலில் செய்துகொண்டது.

அதன்பிறகு கடைத்தெருவில் போகும்போது, பக்கத்தில் நடக்கிற பெண் திடீரென்று தானாகச் சிரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினால், தன் குரல்தான் அவளைத் திருப்பியிருக்கிறது என்று எஸ்கலினுக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தான் தாயாகிவிட்டது போல ஒரு மிதப்பு அவளுக்குள் இருந்தது. சொந்தமாகப் பெற்றது ஒரே ஒரு பிள்ளை. கிளிட்டஸ். துறைமுகத்தில் சரக்குப் பெட்டி ஏற்றும் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர் சூசை கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் தாயும் மகனுமாக உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருந்தார்கள்.

மாதா கோயில் திருவிழா அன்று சாயங்காலம் எஸ்கலின் தன் தோழி பெர்பெத்துவின் வீட்டு மொட்டைமாடியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலக்காற்று தோரணங்களைப் படபடவென்று அடித்தது. கீழே தெரு முழுக்கச் சேலைகளும் பாவாடைகளும் வெள்ளைச் சட்டைகளும். வெயில் சாய்ந்த அந்த நேரத்தில் எல்லா நிறமும் ஒன்றோடொன்று கரைவது போலிருந்தது.

"ஏட்டி, அதப் பாரேன்" என்றாள் பெர்பெத்து. "எண்ணெய் விட்ட தண்ணி மாதிரி."

கூட்டத்துக்குள் ஒரு வட்டம் நகர்ந்து வந்தது. அது வருகிற வழியில் நிறங்கள் மட்டும் விலகின. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மெல்ல ஒதுங்கி வழிவிட்டு, அது கடந்ததும் மறுபடி கூடிக்கொண்டன. வெள்ளைச் சட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. யாரும் பயந்து ஓடவில்லை. ஒருத்தி வளையல் கடையைப் பார்த்துத் திரும்பினாள், ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தல் நிழலுக்குப் போனாள். எல்லா முகத்திலும் சிரிப்பு. எல்லார் காதிலும் எஸ்கலின்.

பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வட்டம் வீட்டுக்குக் கீழே வரும்வரை எஸ்கலின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அதன் நடுவில் கையில் ஒரு ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயோடு கிளிட்டஸ் வந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, மிட்டாயை உயர்த்தி ஆட்டினான்.

எஸ்கலினும் கையை ஆட்டினாள். பெர்பெத்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே எஸ்கலின் நஸ்ரினின் அலுவலகத்துக்குப் போனாள். பீச் ரோட்டில் ஒரு பழைய பண்டகசாலையின் மாடி அது. சுவர் முழுக்க ஊரின் படம் நீலமாக ஒளிர்ந்தது. அதில் அங்கங்கே சாம்பல் வட்டங்கள் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கின. சில கடுகளவு, சில காசளவு.

"இதெல்லாம் யாரு?" என்றாள் எஸ்கலின்.

"எங்களுக்கே தெரியாதுக்கா. பேரு, முகம் எதுவும் இதுல கிடையாது."

"அப்புறம் எத வச்சுத் திருப்புது?"

"பொம்பளைங்க உடம்ப வச்சு." நஸ்ரின் தன் காதுப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "யாராவது பக்கத்துல வரும்போது நெஞ்சு படபடங்கும், மூச்சு அடைக்கும், பின்கழுத்து வேர்க்கும். பல தடவ அது நம்ம புத்திக்கே தெரியாது. உடம்புக்குத் தெரியும். பொட்டு அதைக் கவனிச்சுக்கும். ஒருத்திக்கு மட்டும் அப்படி ஆனா அவள மட்டும் திருப்பும். பல பேருக்கு, அதே ஆள்கிட்ட, திரும்பத் திரும்ப ஆனா ஊருக்கே சொல்லிரும். கூடவே இருந்து உடம்பு பயப்படாமப் பழகுனவளுக்கு மட்டும் சொல்லாது."

"அதே ஆளுன்னு எப்பிடித் தெரியும்?"

"நடைய வச்சு. காலடி தரையில விடுற அதிர்வு இருக்கு பாருங்க, அது ஆளுக்கு ஆள் வேற. வேணும்னு மாத்தி நடந்தாலும் நாலு எட்டுல பழைய நடை வந்துரும். சும்மா நிக்கிற ஆள இதுக்கு அடையாளமே தெரியாது."

எஸ்கலின் படத்தில் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு பெரிய வட்டத்தைப் பார்த்தாள். கிளிட்டஸ் வேலைக்குப் போயிருக்கும் நேரம்.

"உடம்பு தப்பாப் பயப்படாதா?"

"பயப்படும்" என்றாள் நஸ்ரின் உடனே. அவளே பல நாள் உறங்காமல் யோசித்த விஷயம் போலிருந்தது. "திரேஸ்புரத்துல ஒரு அண்ணாச்சி. ஐஸ் கம்பெனியில வாயு வெடிச்சு முகமெல்லாம் வெந்துபோனவரு. சுக்குக்காப்பி விப்பாரு. அவரச் சுத்தி வட்டம் வந்திருச்சு. ஒரு பொம்பள கடைப்பக்கம் போகல. மனுசன் கடைய மூடுற நெலைம. நான் போயி அந்தத் தெருப் பொம்பளைங்ககிட்டச் சொன்னேன். அவங்களா வேணும்னே போயி நின்னாங்க, காப்பி குடிச்சாங்க, பேசுனாங்க. மழைக்காலம் முடியறதுக்குள்ள வட்டம் கரைஞ்சு போச்சு. தப்பான பயம் கிட்டப் போனாக் கரைஞ்சிரும்கா."

"அப்போ சரியான பயம்?"

எஸ்கலின் எந்த வட்டத்தைப் பார்க்கிறாள் என்று நஸ்ரின் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எஸ்கலின் உட்காரவில்லை.

"அத அழிச்சிரு நஸ்ரின்."

"முடியாதுக்கா."

"என் மகன் அப்பிடிப்பட்டவன் இல்ல."

"இருக்கலாம். ஆனா அது எத்தனையோ பிள்ளைங்களோட நெஞ்சுத் துடிப்பு. அதப் பொய்யின்னு சொல்ல நான் யாருக்கா?"

"அப்போ என் குரலத் திருப்பிக் குடு. என் பிள்ளையப் பாத்து ஒதுங்குங்கன்னு என் வாயாலேயே ஊருக்குச் சொல்லணுமோ?"

நஸ்ரினின் கண்கள் கலங்கின. "எடுத்துக்கோங்க. உங்க குரல் உங்களுதுதான். வேற குரல் போட்டுக்குவோம். ஆனா பிள்ளைங்க இந்தக் குரல நம்பிப் பழகியிருக்காங்க. புதுசா ஒருத்தி சொன்னா, ஏன் எதுக்குன்னு யோசிச்சுட்டு நிப்பாங்க. கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் கிளிட்டஸ் வந்ததும் அவனுக்குப் பிடித்த இறால் தொக்கு வைத்துச் சோறு போட்டாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் விழும் முடியை இடக்கையால் ஒதுக்குகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. இவனைப் பார்த்தா பயப்படுகிறார்கள்?

"ஏல, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அந்த வட்டமா?" என்றான் அவன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எஸ்கலினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னம்மா. நான் பஸ்ல ஏறுனா பொம்பளைங்கல்லாம் அடுத்த ஸ்டாப்புல எறங்கிருதாங்க. கடைக்குப் போனா கடை காலி. ஆபீஸ்ல ரெண்டு பிள்ளைய இருக்காங்க, நான் வார சமயம் பாத்து எந்திரிச்சுப் போயிருவாங்க. மொதல்ல நான் செத்துட்டேனோன்னு நெனச்சேன். நெசமாத்தான். ஆவியாத் திரியுதோமோன்னு."

அவள் மனம் உருகிப்போனது. தட்டில் இன்னும் கொஞ்சம் தொக்கு வைத்தாள். "நீ ஒண்ணும் செய்யலல்லா? ஒரு அண்ணாச்சிக்கு இப்பிடித்தான் தப்பா வந்து, அப்புறம் சரியாச்சாம்."

"நான் ஒருத்தியயும் தொட்டதுகூட இல்லம்மா. மாதா மேல சத்தியம்." அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "சொல்லணும்னுதான் இருந்தேன். பெனிட்டான்னு ஒரு பிள்ள. ஜார்ஜ் ரோட்டு மருந்துக்கடையில இருந்தா. கடை அடைச்சதும் வீட்டுக்கு நடந்து போவா. ஒத்தையில போறாளேன்னு நானும் பின்னாலேயே போவேன். இந்தப் பொட்டெல்லாம் வாரதுக்கு முந்தி, ஒரு வருசம். ஒரு நாள்கூட விட்டதில்ல. மழை பெஞ்சாலும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். திரும்பித் திரும்பிப் பாப்பா." அவன் சிரித்தான். "என்னென்ன சுடிதார் இருக்குன்னு எனக்கு மனப்பாடம். வீட்டுக்குள்ள போனதும் மாடியில லைட் எரியும். அது அணையிற வரைக்கும் எதுத்தாப்புல நிப்பேன். காவலுக்குத்தான். அப்புறம் திடீர்னு காணோம். விசாரிச்சா பாளையங்கோட்டைக்குக் குடி போயிட்டாங்கன்னாங்க."

எஸ்கலினின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"அவளுக்கு முன்னாடி வேற யாரு பின்னாலயும் போயிருக்கியா?"

"காலேஜ்ல ஒருத்தி. டைப்ரைட்டிங் கிளாஸ்ல ஒருத்தி. இன்னும் ஒண்ணு ரெண்டு... அதெல்லாம் சும்மாம்மா. வெளையாட்டு. பெனிட்டாதான் நெசம்." கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். அவள் தோளில் கையை வைத்தான். ஈரக் கை. "ஞாயித்துக்கிழமதோறும் பாளையங்கோட்டைக்குப் போறேன். எங்க குடியிருக்கான்னு கண்டுபிடிச்சிட்டேன். ஆனா ஒரு தடவகூடக் கண்ணுல மாட்டலம்மா. நான் எந்தத் தெருவுக்குப் போனாலும் அவ அதுக்கு முன்னாலேயே வேற தெருவுக்குப் போயிருக்கா. இன்னொரு வாட்டி அவள நேர்ல பாத்துட்டேன்னா எல்லாம் சரியாப் போயிரும்."

அவன் குரலில் கோபமே இல்லை. கனவு ஒன்றைச் சொல்கிறவன் போல, சாந்தமாக, சிரித்துக்கொண்டே சொன்னான். எஸ்கலின் அசையாமல் இருந்தாள். 'கூடவே' போய்ச் சேர்ந்திருந்த பாளையங்கோட்டையின் ஏதோ தெருக்களில் முகம் தெரியாத அந்தப் பெண்ணை ஞாயிறுதோறும் கைப்பிடித்து நடத்திக்கொண்டிருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். 'அந்தா பாரு, கடல் தெரியுது' என்று அங்கே சொல்ல முடியாது. வேப்பமரத்து நிழலைச் சொல்லியிருக்கும். பூக்கடையைச் சொல்லியிருக்கும்.

"போயிப் படு மக்கா" என்றாள்.

மறுநாள் வானொலியில் கடல் நிலவரத்தை வாசித்து முடித்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பினாள். உப்பளத்தில் குவியல் குவியலாகக் கிடந்த உப்பு இளஞ்சிவப்பாகியிருந்தது. பாத்திகளில் தேங்கிய நீரில் வானம் தலைகீழாகக் கிடந்தது. அவள் மனசில் ஒன்றும் ஓடவில்லை. காலையிலிருந்தே உறக்கத்தில் நடப்பது போலத்தான் இருந்தது.

"இப்பிடி வா தாயி" என்றது காதோரம் ஒரு குரல். "இந்தப் பக்கம் காத்து நல்லாருக்கு."

அவள் வலப்பக்கச் சந்துக்குள் திரும்பி நாலு எட்டு நடந்துவிட்டாள். சந்தில் உண்மையாகவே காற்று நன்றாக இருந்தது. ஒரு வீட்டு வாசலில் மல்லிகைப் பந்தல். அப்போதுதான் உறைத்தது. வீடு இந்தப் பக்கம் இல்லை. வீடு நேரே இருக்கிறது.

திரும்பிச் சந்தின் முனைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தெருவின் அந்தக் கோடியிலிருந்து கிளிட்டஸ் நடந்து வந்துகொண்டிருந்தான்.

நேற்று தோளில் அந்த ஈரக் கை பட்டபோது தன் நெஞ்சு என்ன செய்தது என்று அவள் கவனிக்கவில்லை. பொட்டு கவனித்திருக்கிறது. பெற்ற வயிறு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு பெண்ணின் பின்கழுத்து வேர்த்தது, அவ்வளவுதான்.

அவள் சந்துக்குள் திரும்பியதை அவனும் பார்த்துவிட்டான். ஓட்டமாக வந்தான்.

"எங்கம்மா போற? வீடு இங்கல்லா இருக்கு?"

அவள் காதுக்குப் பின்னாலிருந்து பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். "இத ஒட்டிக்க."

"எதுக்கு?"

"ஏல, ஒட்டிக்க."

அவன் ஒட்டிக்கொண்டு நின்றான். "ஒண்ணும் கேக்கலியே."

"நட."

அவன் உப்பளத்தை நோக்கி நடந்தான். நாலு எட்டு வைத்ததும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அம்மாவின் குரல். காய்ச்சல் கண்ட நாளில் தலையைக் கோதிக்கொண்டு பேசுகிற அதே குரல். அது சொன்ன பக்கம் திரும்பினான். மறுபடி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், இன்னொரு பக்கம் திரும்பினான். பிறகு உப்பளத்தின் வரப்பில் ஏறினான். சிரிப்பு போய்விட்டது. வேகமாக நடந்தான். எதை விட்டு விலகச் சொல்கிறதோ அது அவனுடைய காலிலேயே இருந்ததால், அவன் எந்தப் பக்கம் போனாலும் குரல் விடவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வா தாயி. இன்னும் கொஞ்சம். நான் இருக்கேன். தூரத்தில் நின்ற எஸ்கலினுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் எந்த இழுப்பில் வரும் என்று தெரியும். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே அவன் ஓடத் தொடங்கினான். அவன் ஓட, பாத்தி நீரில் தலைகீழாக இன்னொருவன் கூடவே ஓடினான்.

கடைசியில் ஒரு குவியலின் பக்கத்தில் நின்றுவிட்டான்.

எஸ்கலின் வரப்பில் மெல்ல நடந்து அவனிடம் போய்ச் சேர்ந்தாள்.

"நின்னா பேச மாட்டேங்குதும்மா" என்றான் மூச்சு வாங்க.

"ம்."

"எல்லாருக்கும் இதுதான் கேக்கா? உன் சத்தத்துலயா?"

"ஆமா."

"பெனிட்டாவுக்கும்?"

"அவளுக்கும்தான். அவ உன்னத் திரும்பித் திரும்பிப் பாத்தா பாரு, அது பயத்துலதான்ல. ஒரு வருசமா அந்தப் பிள்ள பயந்துக்கிட்டே வீட்டுக்குப் போயிருக்கா."

அவன் உப்பின் மேல் உட்கார்ந்தான். ஓர் உப்புக்கல்லை எடுத்து விரலால் நசுக்கினான். அது பொடியானதும், "உனக்கு எப்பலேர்ந்து கேக்குதும்மா?" என்றான்.

"இன்னைக்குத்தான்."

அவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். எஸ்கலின் அவனைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், இருட்டத் தொடங்கும்வரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளிட்டஸ் எங்கும் போகவில்லை. நஸ்ரின் கூப்பிட்டபோது எஸ்கலின், "குரல் அங்கேயே இருக்கட்டும்ட்டி" என்றாள். மறுவாரம் பெர்பெத்து விசாரித்துச் சொன்ன ஒரு மனநல மருத்துவரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் தடவை அவன் வாயே திறக்கவில்லை. அடுத்த தடவை அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினான். கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்து அவள் ஒட்டுக்கேட்கவில்லை.

திரும்பி வரும்போது தங்கள் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். நிழற்குடையின் கீழ் ஒரு கல்லூரிப் பெண் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸின் இரைச்சலில் அவள் பொட்டுக்கு எந்தக் காலடியும் பிரிந்து கேட்டிருக்காது. கிளிட்டஸ் அவளைப் பார்த்ததும் கம்பத்தோரம் அப்படியே நின்றான்.

"நீ முன்னால போம்மா" என்றான் மெல்ல. "அந்தப் பிள்ள போனதுக்கப்புறம் நான் வாறேன். நான் நடந்தா அவ அவளோட பஸ்ஸ விட்டுட்டு வேற எங்கயாவது போகணும்."

எஸ்கலின் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கம்பத்தில் சாய்ந்து, அவனுக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றாள். எத்தனையோ நாளாக ஒரு பெண்ணும் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த உப்பு வெளியைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொங்கப்போட்டு, கல்தூணைப்போல நின்றான். நெற்றியில் விழுந்த முடியைக்கூட ஒதுக்கவில்லை.

பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறிப் போனாள். அது பாலத்தைத் தாண்டிக் கண்ணுக்கு மறையும்வரை அவன் ஓர் எட்டுக்கூட எடுத்துவைக்கவில்லை.